வாசகர் கேள்வி-பதில்: முதல் பக்கங்களைச் சேர்த்த மனிதர்

போன இதழில் லண்டன் பழைய புத்தக வியாபாரம் பற்றிய ஒரு பதிலில் ஜான் பாக்ஃபோர்டின் பெயரைப் போகிற போக்கில் சொல்லி, புத்தகங்களின் பெயர் போட்ட முதல் பக்கங்களை மட்டும் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தவர் என்று ஒரே வரியோடு விட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் மெயில்களும்தான் இந்த இதழில் முழுக்க. பாதிப் பேருக்கு ஆர்வம், மீதிப் பேருக்குக் கோபம்.

கேள்வி: யார் இந்த பாக்ஃபோர்டு? பிரபுவா, பேராசிரியரா? (வாசகர், தஞ்சாவூர்)

ரெண்டும் இல்லை. செருப்புத் தைக்கிறவர். பிறந்தது 1650 அல்லது 1651. 1666-இல் லண்டன் நகரம் தீப்பிடித்து எரிந்தபோது அவருக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும். அந்தத் தீயில் புத்தக வியாபாரிகள் பட்ட பாடு தனிக் கதை. செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றிக் கடை வைத்திருந்தவர்கள் சரக்கையெல்லாம் வாரிக்கொண்டு போய் தேவாலயத்துக்கு அடியில் இருந்த நிலவறையில் அடைத்து, இனிப் பயமில்லை என்று நினைத்தார்கள். மேலே கட்டடம் இடிந்து விழ, உள்ளே இருந்த அத்தனையும் சாம்பல். அப்புறம் லண்டனில் பழைய புத்தகத்துக்கு விலை ஏறாமல் என்ன செய்யும்?

செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் எப்போது, எப்படிப் புத்தகத்துக்கு மாறினார் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் 1700 வாக்கில் லண்டனில் அரிய புத்தகம், பழைய கையெழுத்துச் சுவடி வேண்டுமென்றால் கூப்பிடு பாக்ஃபோர்டை என்கிற நிலைக்கு வந்துவிட்டார். முறையான படிப்பு கிடையாது. அவர் கைப்பட எழுதிய காகிதங்களைப் பார்த்தால் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார். ஆனால் ஒரு தாளைப் பார்த்து, இது எந்தக் காலத்து அச்சு, எந்த அச்சகம் என்று சொல்லும் கண் இருந்தது. அதற்காகத்தான் பெரிய இடத்து ஆட்கள் அவரை வைத்துக்கொண்டார்கள்.

பழைய தொழிலையும் மறக்கவில்லை. செருப்பு, காலணி மோஸ்தர்கள் காலம்தோறும் எப்படி மாறின என்று ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். எனக்கு அவரிடம் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

கேள்வி: ஐயா, ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கிழித்தால் அந்தப் புத்தகம் போச்சு. இப்படிச் செய்த ஒருவரைப் பற்றி நீங்கள் மரியாதையோடு எழுதுவது நியாயமா? (ஓய்வு பெற்ற நூலகர், மதுரை)

உங்கள் கோபம் புதிதில்லை. 1880-இல் வில்லியம் பிளேட்ஸ், புத்தகங்களின் எதிரிகள் யார் யார் என்று ஒரு நூல் எழுதினார். தீ, தண்ணீர், பூச்சி, அறியாமை என்று வரிசையாகப் போகிற பட்டியலில் பாக்ஃபோர்டுக்கும் இடம் கொடுத்தார். ஊர் ஊராக, நூலகம் நூலகமாகப் போய் அரிய புத்தகங்களின் முதல் பக்கங்களைக் கிழித்தெடுத்த பாவி என்பது அவர் சித்திரம். பிளேட்ஸ் சாதாரண ஆள் இல்லை, தானே அச்சுத் தொழிலில் இருந்தவர், இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டனைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி செய்தவர். அதனால் அவர் சொன்னது ஒட்டிக்கொண்டது. ரொம்பக் காலம் பலரும் அதையே திருப்பிச் சொன்னார்கள்.

சரி, உண்மையில் கிழித்தாரா? அவர் ஒரு புத்தகத்தில்கூடக் கை வைக்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கிழித்துத்தான் சேர்த்திருக்க வேண்டும் என்று நினைப்பது அந்தக் காலத்துப் புத்தக வியாபாரம் எப்படி நடந்தது என்பதைக் கணக்கில் எடுக்காத பேச்சு. மூன்று விஷயம் சொல்கிறேன்.

அப்போது புத்தகத்தின் முதல் பக்கம்தான் அதற்கு விளம்பரம். அச்சகத்திலேயே அந்தத் தாளைக் கூடுதலாக அடித்து, கடை வாசலிலும் தெருக் கம்பங்களிலும் ஒட்டுவார்கள். எனவே புத்தகத்தோடு சேராத முதல் பக்கங்கள் ஊரில் கிடந்தன. அடுத்தது, பாதி கிழிந்த, புழு அரித்த, கடைசிப் பக்கங்கள் போன புத்தகங்களை யாரும் புத்தகமாக மதிக்கவில்லை. மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்க, அடுப்படியில் பணியாரத் தட்டுக்கு அடியில் போட என்று எடைக்குப் போகும். அந்தக் குப்பையிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி எடுத்து வைப்பவரை நாசகாரன் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவதுதான் முக்கியம். பைண்டிங். அட்டை போடுகிறவர்கள் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டவும், முதுகுப் பட்டைக்கு அடியில் பலம் கொடுக்கவும், அட்டையையே தடிமனாக்கவும் பழைய தாள்களைத்தான் வெட்டிப் போட்டார்கள். ஒரு புத்தகத்தின் அட்டை பிரிந்து வந்தால் உள்ளே வேறொரு புத்தகத்தின் இரண்டு பக்கம் இருக்கும், சில சமயம் முந்நூறு வருஷத்துக்கு முந்திய தோல் சுவடியின் ஒரு நீளத் துண்டு இருக்கும், நடுவில் சிவப்பு மையில் ஒரு பெரிய எழுத்து, கத்தி பாய்ந்த இடத்தில் வரி அறுந்து நிற்கும். பாக்ஃபோர்டின் தொகுப்பில் இப்படி அட்டையிலிருந்து வந்த சரக்கு நிறைய. மில்டன் கேட்ச் என்ற அறிஞர் 1980-களில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளை ஆராய்ந்து எழுதிய பிறகு பிளேட்ஸின் சித்திரத்தின் மேல் சந்தேகம் வலுத்தது.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முதல் பக்கம் எந்தப் பிரதியிலிருந்து வந்தது, எங்கே வாங்கியது, அதோடு வேறு என்ன இருந்தது என்பதை அவர் பெரும்பாலும் எழுதி வைக்கவில்லை. நூலகராக உங்களுக்கு வலிக்க வேண்டியது அங்கேதான்.

கேள்வி: முதல் பக்கம் தவிர வேறு என்ன சேர்த்தார்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

எதைச் சேர்க்கவில்லை என்று கேட்டிருக்கலாம். தோல் சுவடித் துண்டுகள், காகித மாதிரிகள், சாயம் தோய்த்த அலங்காரத் தாள், அட்டை பைண்டிங் மாதிரிகள், எழுத்தணிக்காரர்கள் செப்புத் தகட்டில் வெட்டிய எழுத்து மாதிரிகள், அச்சகச் சின்னங்கள், சீட்டுக்கட்டுகள், கடைக்காரர்களின் முகவரி அட்டைகள், புகையிலை மடித்த தாள். சர்வரோக நிவாரணி விற்ற போலி வைத்தியர்களின் பிட் நோட்டீஸ். சந்தையில் கொட்டகை போட்டு அதிசயம் காட்டுகிறவர்களின் பிட் நோட்டீஸ். அன்றைக்குப் படித்தவர்கள் யாரும் இதையெல்லாம் குனிந்து எடுக்க மாட்டார்கள். பிரபுவின் நூலகத்துக்கு லத்தீன் சுவடி தேடிப் போகிற ஆள், வழியில் புகையிலைத் தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் என்பதுதான் இவரிடம் விசேஷம்.

அப்புறம் பாட்டு. ஒரே தாளில் ஒரு மரக்கட்டைப் படத்தோடு அச்சடித்துத் தெருவில் பாடிப் பாடி விற்ற பாட்டுகள். நம் குஜிலிப் பாட்டுகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலை, தூக்கு, காதல், குடி, அரசியல் கேலி எல்லாம் உண்டு. அவர் பெயரிலேயே ஒரு தொகுப்பு இருக்கிறது, 1870-களில் அதை எப்ஸ்வொர்த் என்பவர் பதிப்பித்தார். ராக்ஸ்பர்க் பாடல்கள் என்று இன்று புகழ்பெற்ற இன்னொரு பெரிய தொகுப்பும் ராபர்ட் ஹார்லி என்ற அரசியல்வாதிக்காக (பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு ஆனவர்) சேர்க்கப்பட்டதில் தொடங்கியதுதான், அதிலும் பாக்ஃபோர்டின் கை உண்டு.

கேள்வி: செருப்புத் தைத்தவரைப் பிரபுக்கள் வீட்டுக்குள் விட்டார்களா? (வாசகர், கோயம்புத்தூர்)

வீடு இருக்கட்டும், கடையில் பாருங்கள். இசை வரலாறு எழுதிய ஜான் ஹாக்கின்ஸ் ஒரு காட்சியைச் சொல்லி வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் நாடாளுமன்றம் நடக்காது. குளிர்காலச் சனிக்கிழமைகளில் புத்தகப் பைத்தியம் பிடித்த பிரபுக்கள், ஆக்ஸ்ஃபோர்டு, பெம்ப்ரோக், சண்டர்லாண்ட், வின்சில்சி பிரபுக்களும் டெவன்ஷயர் கோமகனும், நகரத்துக்குள் வந்து, ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்துகொள்வார்கள். சிலர் லிட்டில் பிரிட்டன் பக்கம், சிலர் மூர்ஃபீல்ட்ஸ் பக்கம். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு மதியத்துக்குள் பேட்டர்னாஸ்டர் ரோ தெருமுனையில் கிறிஸ்டோபர் பேட்மேன் என்பவரின் புத்தகக் கடையில் எல்லாரும் கூடுவார்கள். அங்கே பாக்ஃபோர்டும் வந்து சேர்வார்.

பன்னிரண்டு மணி வாக்கில் இன்னொருவர் வருவார். தாமஸ் பிரிட்டன், தெருத்தெருவாகக் கரி விற்கிறவர். நீல அங்கி, தோளில் கரி மூட்டை. மூட்டையைக் கடையின் ஜன்னல் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே உள்ளே போய்ப் பிரபுக்களோடு சுவடிகளைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரம் போல அரட்டை. இந்தப் பிரிட்டன் கிளார்க்கன்வெல்லில் தன் கரிக்கிடங்குக்கு மேல் இருந்த தாழ்வான மாடியில் 1678-இலிருந்து சாகும்வரை, அதாவது 1714 வரை, வாரந்தோறும் கச்சேரி நடத்தியவர். இசையமைப்பாளர் ஹேண்டல் அங்கே வந்து வாசித்தார் என்று சொல்வார்கள்.

ஆனால் இதைப் பார்த்து அங்கே சமத்துவம் பூத்துக் குலுங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சு முடிந்ததும் பிரபுக்கள் சாப்பிட வேறு இடத்துக்குப் போனார்கள், பிரிட்டன் திரும்பவும் மூட்டையைத் தூக்கினார். பாக்ஃபோர்டுக்கும் அவர்கள் வாடிக்கையாளர்கள்தான். ஹார்லி, மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், ஈலி பிஷப் ஜான் மூர் இந்த மூவருக்காகவும் அவர் தேடித் தேடி வாங்கிக் கொடுத்தார். நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸுக்கும் சரக்கு கொடுத்திருக்கிறார்.

கேள்வி: அவர் விற்ற கையெழுத்துச் சுவடிகள் எங்கிருந்து வந்தன? (வாசகர், யாழ்ப்பாணம்)

மடங்களிலிருந்து. எட்டாம் ஹென்றி 1536-க்கும் 1540-க்கும் இடையில் இங்கிலாந்தின் மடங்களை எல்லாம் மூடிச் சொத்தைப் பறிமுதல் செய்தபோது நிலம், ஈயம், மணி, வெள்ளிப் பாத்திரம் எல்லாவற்றுக்கும் கணக்கு எடுத்தார்கள், நூலகத்தை அதே அக்கறையோடு யாரும் பார்க்கவில்லை. ஜான் பேல் என்ற மதச் சீர்திருத்தக்காரர் 1549-இல் வயிறெரிந்து எழுதினார்: சுவடிகளை வாங்கியவர்களில் சிலர் மெழுகுவர்த்தித் தண்டு துலக்கப் பயன்படுத்தினார்கள், சிலர் பூட்ஸ் துடைத்தார்கள், மளிகைக்காரருக்கும் சோப்பு விற்கிறவருக்கும் போனது, கப்பல் நிறைய ஏற்றிக் கடல் தாண்டி பைண்டர்களுக்கும் போனது. பாக்ஃபோர்டு அட்டைகளுக்குள்ளிருந்து எடுத்தது அந்தக் கொள்ளையின் மிச்சம்தான். பிளேட்ஸ் கோபப்பட்டிருந்தால் பாக்ஃபோர்டுக்கும் நூற்றைம்பது வருஷம் முன்னால் போய் அரசர் மேல் கோபப்பட்டிருக்கலாம்.

கேள்வி: பழம்பொருள் ஆய்வுச் சங்கத்தை இவர் தொடங்கினார் என்று எங்கோ படித்தேன். உண்மையா? (வாசகி, சேலம்)

தொடங்கிய மூவரில் ஒருவர். 1707 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் 'கரடி' என்ற மதுக்கடை. ஹம்ஃப்ரி வான்லி, ஜான் டால்மன், பாக்ஃபோர்டு. இனி வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குக் கூடுவது என்று முடிவு. பேச்சு பிரிட்டனின் பழமையைப் பற்றி மட்டும்தான் இருக்க வேண்டும், அதுவும் முதலாம் ஜேம்ஸ் ஆட்சிக்கு முந்தியது.

வான்லியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அவரும் துணிக்கடையில் வேலை பழகியவர், கோவென்ட்ரிக்காரர். 1705-இல் வந்த பழைய ஆங்கிலச் சுவடிகளின் அட்டவணை அவர் செய்ததுதான், இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். பின்னால் ஹார்லியின் நூலகர் ஆனார். ஆக, நாட்டின் மதிப்புக்குரிய சங்கம் ஒன்றுக்கு விதை போட்ட மூவரில் ஒருவர் துணிக்கடையிலிருந்தும் ஒருவர் செருப்புப் பட்டறையிலிருந்தும் வந்தவர்கள். சங்கம் 1717-இல் முறைப்படி அமைந்தது, அரச சாசனம் 1751-இல் கிடைத்தது. பாக்ஃபோர்டு அதைப் பார்க்க இல்லை.

கேள்வி: ஆராய்ச்சியாளராக அவர் சொன்னது எதுவாவது நிலைத்ததா? (பள்ளி ஆசிரியர், விருதுநகர்)

நிலைத்தது ஒரு கல். அவர் சொன்ன விளக்கம் நிலைக்கவில்லை.

லண்டனில் கிரேஸ் இன் லேன் பக்கத்தில், இன்றைய கிங்ஸ் கிராஸ் வட்டாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1679 வாக்கில் சரளை மண் தோண்டியபோது ஜான் கான்யர்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் யானை எலும்புகளைக் கண்டார். பக்கத்திலேயே ஒரு சிக்கிமுக்கிக் கல். கருநிறம், கையில் பிடிக்கிற அளவு, ஒரு முனை கூராக, மறுமுனை பிடிக்கத் தோதாகப் பருத்து, இரண்டு பக்கமும் சில்லுச் சில்லாகத் தட்டி எடுத்த தடம். இயற்கையாக உடைந்த கல் இல்லை, ஆள் செய்த ஆயுதம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. பாக்ஃபோர்டு இதைப் பழமை ஆராய்ச்சியாளரான நண்பர் தாமஸ் ஹெர்னுக்குக் கடிதமாக எழுதினார், ஹெர்ன் அதை 1715-இல் அச்சில் ஏற்றினார்.

லண்டனில் யானை எப்படி? நோவா காலத்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்தது என்று சிலர் சொன்னார்கள். பாக்ஃபோர்டு அதை ஏற்கவில்லை. ரோமப் பேரரசர் கிளாடியஸ் கி.பி. 43-இல் பிரிட்டனைப் பிடிக்க வந்தபோது படையோடு யானைகளும் இருந்ததாகப் பழைய வரலாற்றில் இருக்கிறது. அப்படியானால் அது ரோமானியர் கொண்டுவந்த யானை, இரும்பு இல்லாத ஒரு பிரிட்டன்காரன் கல்முனை ஈட்டியால் அதைக் கொன்றிருக்கிறான் என்றார். தப்புதான். அந்தக் கல்லுக்கு வயது சுமார் 3,50,000 வருஷம் என்று இப்போது சொல்கிறார்கள். ஆனால் உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று ஆர்ச்பிஷப் அஷர் போட்ட கணக்கைப் படித்தவர்களே நம்பிய காலத்தில், வெள்ளத்தை விட்டுவிட்டு ஒரு மனிதக் கையைத் தேடினாரே, அதற்கு நான் பாதி மார்க் போடுவேன். கல்லும் எலும்பும் ஒரே இடத்தில் கிடந்தன என்பதை எழுதி வைத்ததற்கு முழு மார்க். ஜான் ஃப்ரியர் என்பவர் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் கிடைத்த இதே மாதிரிக் கற்களைப் பார்த்து, இவை மிக மிகத் தொலைவான காலத்தவை என்று எழுதியது 1797-இல்தான்.

கேள்வி: இவ்வளவு சேர்த்தவர் புத்தகம் எதுவும் எழுதவில்லையா? (வாசகர், சென்னை)

எழுத நினைத்தார். அச்சுக்கலையின் முழு வரலாறு. சேர்த்ததெல்லாம் அதற்காகத்தான், எழுத்து, காகிதம், அட்டை, முதல் பக்கம் எல்லாவற்றுக்கும் மாதிரி காட்டி எழுத வேண்டும் என்பது திட்டம். ஹாலந்துக்குப் போய் வந்தார். குட்டன்பெர்குக்கு முன்னாலேயே எங்கள் ஊர் லாரன்ஸ் கோஸ்டர் அச்சைக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஹார்லெம் நகரத்தார் மார்தட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1707-இல் சந்தா சேர்க்க அறிக்கை விட்டார். அதே சமயத்தில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் இதழில் அச்சின் தோற்றம் பற்றி அவர் கட்டுரையும், அவர் தொகுப்பைப் பற்றி வான்லியின் விவரிப்பும் வந்தன. நல்ல தொடக்கம்.

புத்தகம் வரவே இல்லை. இன்னும் ஒரு மாதிரி கிடைக்கட்டும், அப்புறம் உட்காரலாம் என்று தள்ளிப்போட்டே காலம் போயிருக்கும் என்பது என் ஊகம், சேகரிப்பாளர்களை நான் பார்த்தவரையில். தொடர்ந்து எழுதுகிற பழக்கமும் அவருக்கு இல்லை. பாதி வழியில் நின்ற குறிப்புகள்தான் கட்டுக்கட்டாக மிஞ்சின.

கேள்வி: கடைசியில் பணக்காரராகச் செத்தாரா? (வாசகர், கும்பகோணம்)

இல்லை. சார்ட்டர்ஹவுஸ் என்ற தர்ம இல்லத்தில் இடம் கிடைத்தது. தாமஸ் சட்டன் என்ற செல்வந்தர் 1611-இல் ஏற்படுத்தியது. எண்பது முதியவர்களுக்குத் தங்க இடமும் சோறும், நாற்பது பையன்களுக்குப் படிப்பும். 1716 மே மாதம் பாக்ஃபோர்டு இறந்தார். அவர் தேடிக் கொடுத்து வளர்ந்த பிஷப் மூரின் நூலகத்தை, சுமார் 30,000 புத்தகம், அதற்கு முந்தின வருஷம்தான் முதலாம் ஜார்ஜ் மன்னர் விலைக்கு வாங்கிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திருந்தார். தரகருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர் போனதும் காகிதங்களுக்குப் போட்டி. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஹெர்னுக்கு அவை வேண்டும். லண்டனிலேயே இருந்த வான்லி முந்திக்கொண்டு பெரும் பகுதியை ஹார்லி நூலகத்துக்கு வாங்கிவிட்டார். ஹெர்னுக்கும் வான்லிக்கும் ஏற்கெனவே ஆகாது, இது சேர்ந்துகொண்டது.

கேள்வி: அந்தத் தொகுப்பை இப்போது பார்க்க முடியுமா? (மென்பொருள் பொறியாளர், லண்டனிலிருந்து)

நீங்கள் இருக்கிற ஊரிலேயே இருக்கிறது. ஹார்லி குடும்பம் சுவடிகளை 1753-இல் 10,000 பவுண்டுக்கு நாட்டுக்கு விற்றது, அவற்றோடு பாக்ஃபோர்டின் தொகுதிகளும் பிரிட்டிஷ் மியூசியம் போய், இப்போது செயின்ட் பாங்க்ராஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வாசகர் அட்டை எடுத்துக்கொண்டு, எந்தத் தொகுதி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பழைய ஒட்டுத் தொகுதிகளை எல்லா நாளும் கையில் தர மாட்டார்கள். கல்லாயுதம் பிரிட்டிஷ் மியூசியத்தில். ரெண்டுக்கும் நடுவே நடந்தே போகலாம். லண்டனில் இல்லாதவர்களுக்கு: ராக்ஸ்பர்க் பாடல்களை சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் இணையத்தில் படமாகவே ஏற்றி வைத்திருக்கிறது, பல பாடல்களுக்குப் பாடிய ஒலிப்பதிவும் உண்டு, காசு கிடையாது.